எங்கள் வீட்டுப் பெண்களை மட்டும் பிடிக்கும் வலி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் தோக்சு அவர்களுக்கு,

இந்தப் பக்கம் நெல் முற்றிவிட்டது, காலையில் குளிர் தட்டுகிறது. இங்கே நானும் என் முன்னோர்கள் நான்கு தலைமுறையும் நலம். அங்கே நீங்களும், பிள்ளைகளும், கோபித்துக்கொண்டு பேருந்தேறி வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அக்காள் மல்சுன்னும் நலம்தானே? என் மனைவியை அறுவடைத் திருநாளுக்கு முன் திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். காரணத்தைக் கேட்டால் நீங்களே மூட்டை கட்டிக் கொடுப்பீர்கள்.

எங்கள் குலத்துக்கு மூத்த வீடு இது. மழை தவறினாலும் இங்கே திவசம் தவறாது. முன்னோர்கள் வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்து வைக்கிறோம். அவர்களோடு ஒரு வலியும் உள்ளே வந்துவிடுகிறது. அம்மா இருந்தவரை அது அவள் இடுப்பில் குடியிருந்தது. அவளை மண்ணில் வைத்துவிட்டு வந்த அதே வருடம் மல்சுன் இடுப்புக்கு மாறியது. பிறகு முழங்கால், தோள், மணிக்கட்டு என்று வீடு பார்த்துக்கொண்டே போனது. போன புத்தாண்டுக்கு வந்த மருமகள் ஹேரிம் படையல் பலகாரம் வறுக்க எண்ணெய்ச் சட்டி முன்னால் இரண்டு நாள்தான் உட்கார்ந்தாள், கையில் பட்டை சுற்றிக்கொண்டு ஊர் திரும்பினாள். ஆண்களை அது தீண்டுவதே இல்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. திவசத்தன்று பகல் முழுக்கச் சுவரில் சாய்ந்து மேற்பார்வை பார்க்கிறேன், ஒரு சுளுக்கு உண்டா? இது பேய்தான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இருந்தும் மல்சுன்னை ஒரு பெண் டாக்டரிடம் காட்டினேன். "அம்மா, தரையில குந்தி நாள் முழுக்க வறுக்காதீங்க. அடுப்ப மேசையில வச்சு நாற்காலியில உட்காருங்க. அரை மணிக்கு ஒருதரம் எந்திரிச்சு இடுப்ப நிமித்துங்க. துணி பிழியறப்ப மணிக்கட்ட முறுக்காதீங்க. பெரிய பானையத் தனியாத் தூக்கவே கூடாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க ஒரு பக்கம் பிடிச்சா என்ன?" என்று கேட்டாள். வலியைப் பற்றிப் படித்திருக்கிறாள், பேயைப் பற்றிப் படிக்கவில்லை, பாவம் என்று மரியாதையாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

கடைசியில் நானே வழி கண்டுபிடித்தேன். முன்னோரில் யாரோ ஒரு பெண்ணுக்கு மனக்குறை. அவளுக்கென்று தனியாக ஒரு பெரிய திவசம் வைத்தால் வலி இறங்கிவிடும்.

"உனக்காக இன்னொரு திவசம் வைக்கப்போறேன்" என்றேன்.

"யாரு சமைக்கிறது?" என்றாள் மல்சுன்.

"நீதான். உன் வலிதானே?"

"அந்த வலியவே வறுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போய்விட்டாள்.

நானா விடுவேன்? கருவாடும் பழமும் அரிசி மதுவும் வாங்கிப் படைத்தேன். அவர்கள் சாப்பிடட்டும் என்று வழக்கப்படி படையல் அறைக் கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் முதுகைக் காட்டி நின்றேன். பொழுது சாய்கிற நேரம். படையல் அறையில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை. அடுக்களையில்தான் எண்ணெய் சுறுசுறுவென்றது. மைத்துனரே, நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. யாரோ முஷ்டியால் தன் இடுப்பைத் தட்டிக்கொள்ளும் சத்தம், பிறகு இன்னொருவர், பிறகு பலர். "கையக் கொடுடி, எந்திரிக்க முடியல" என்றது ஒரு கிழக்குரல். "எனக்கே கை வரல, எங்கிட்டக் கேக்குறியே" என்றது மற்றொன்று. அதன் பிறகு என் அம்மாவின் குரல்: "மல்சுன் எங்க? மாவு கரைக்க ஆளில்ல." நான் செருமினேன். சத்தம் நின்றது. உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன், அடுப்பு சில்லென்று இருந்தது. எண்ணெய் வாசனை மட்டும் மூக்கை அடைத்தது.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாய்ந்தால் அவளைத்தான் கேட்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, சொல்ல வெட்கமில்லை. கேட்கிற ஆளை அனுப்பிவிட்டால் அடங்கிவிடுவார்கள் அல்லவா? தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.

உங்கள் தோட்டத்துப் பேரி மரங்கள் கிளை முறியக் காய்க்கட்டும், உங்கள் வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து நடக்கட்டும் என்று வாழ்த்தும்

உங்கள் அக்காள் கணவன்,
கும் சாங்க்யூ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இன்று துணிந்து அடுக்களை வாசலில் நின்று, "அவ உங்களுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன். "எதுக்கா? அவளுக்கு எடம் போட்டாச்சுடா" என்றாள் அம்மா. பார்த்தேன். சட்டியைச் சுற்றி மணைகள் போட்டிருந்தன. ஒன்று காலி. மற்றவற்றில் யாரும் தெரியவில்லை, ஆனால் அவை காலியாக இல்லை. மல்சுன் அங்கே குந்தியிருப்பதை நினைத்தேன், அழுதுவிட்டேன். போய் அந்த மணையில் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரோ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். எண்ணெய் தீரும்வரை வறுத்தேன். எழுந்தபோது இடுப்பு நிமிரவில்லை. இதைக் குனிந்தபடியே எழுதுகிறேன். மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அவளை அனுப்பாதீர்கள். திருநாளுக்கும் வேண்டாம், அதற்குப் பிறகும் வேண்டாம். அவளே கிளம்பினால், மணையில் ஆள் உட்கார்ந்தாயிற்று என்று சொல்லி நிறுத்துங்கள்.