எழுபத்து மூன்றாம் கல்

“என்னங்க, கல்லு மறுபடியும் அந்தப் பக்கம் போயிடுச்சு.”

மனைவி வாசலில் நின்று சாவகாசமாகச் சொன்னாள். கல்காரர் பல்பொடி ஒட்டிய வாயோடு வெளியே ஓடினார்.

போய்த்தான் இருந்தது. நேற்று மத்தியானம், தெருவே சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்த நேரத்தில், கடப்பாரை போட்டு நெம்பி, தோளில் சுமந்து, வீட்டுக்குக் கிழக்கே நாலு எட்டில் அவர் நட்ட கல், இப்போது வீட்டுக்கு மேற்கே நாலு எட்டில் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

நாட்டை ஒன்பது மண்டலமாகப் பிரிக்கிறார்கள். மண்டலத்துக்கு மண்டலம் தனி அரசாங்கம், தனி அட்டை, தனி ஆஸ்பத்திரி. எல்லைக்கோட்டில் கல் நடுகிற வேலை கல்காரருக்கு. எழுபத்திரண்டு கல்லை யார் வீட்டு வாசலோ என்று நட்டுக்கொண்டே வந்தவர், எழுபத்து மூன்றாவதைத் தன் வீட்டு ஓரத்தில் தன் கையாலேயே நட்டார். நட்டு முடித்து வியர்வையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது. கல்லுக்கு மேற்கே இருப்பது மேற்கு மண்டலம். அவர் வீடு கிழக்கே.

மனைவிக்கு வாரம் இரண்டு நாள் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த ஆஸ்பத்திரி மேற்கே, நடந்தால் கால் மணி. அடுத்த மாதத்திலிருந்து மேற்கு அட்டை உள்ளவர்களுக்கு மட்டும்தான். கிழக்கு மண்டலத்து மெஷினுக்கு இரண்டு பஸ் மாறி, ஓர் ஆறும் தாண்ட வேண்டும்.

“ஒரு வாரம் போகலைன்னாத்தான் என்ன? அந்த ஊசியை நெனச்சா வாசப்படி இறங்கவே பிடிக்கல” என்றாள் மனைவி.

“பேசாம இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

சர்வேயர் வெள்ளிக்கிழமை வந்து முத்திரை வைப்பார். கல்லை எண்ணுவார், அளக்க மாட்டார். எழுபத்திரண்டு கல்லில் கல்காரர் கண்ட உண்மை அது. வரைபடத்தில் பென்சில் கோட்டின் கனமே ஒரு தெரு அகலம். அதற்குள் ஒரு கல் நகர்ந்தால் எந்த அரசாங்கத்துக்கு வலிக்கப் போகிறது?

ஆனால் திருப்பி வைத்தது யார்? வெற்று மனையைத் தாண்டிக் கிழக்கே இருந்த தையல்காரர் மேல்தான் சந்தேகம். கிழக்கு மண்டலத்துச் சீருடை முழுக்கத் தனக்கே வரும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற ஆள்.

அன்று மத்தியானம் கல்காரர் இன்னும் ஆழமாகக் குழி வெட்டினார். வீட்டுக்குக் கிழக்கே கல்லை இறக்கி, சிமெண்டு ஊற்றி, ஈரத்தில் தன் உள்ளங்கையை அழுத்திப் பதித்தார். ‘இப்ப எடுடா பார்ப்போம்.’

காலையில் கல் மேற்கே நின்றது. சிமெண்டோடு. உள்ளங்கைத் தடத்தோடு. கல்காரர் கையை வைத்துப் பார்த்தார். விரலுக்கு விரல் பொருந்தியது. கிழக்கே போய்ப் பார்த்தால் குழியே இல்லை, தரை கன்னம் மாதிரி வழவழவென்று கிடந்தது.

“குழாய் எட்டலைங்க” என்று மனைவி உள்ளேயிருந்து கத்தினாள். “தெருக்கொழாயிலேர்ந்து தொட்டி வரைக்கும் தாராளமா வரும். இப்ப வாசலுக்கே வரல.”

“ரப்பர்தானே? வெயில்ல சுருங்கியிருக்கும்.”

தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். “யோவ், என்னய்யா பண்ற நீ? நேத்து சாயங்காலம் உன் வீட்டு நெழல் என் மெஷின் மேல விழுந்துச்சு. ஊசிக்கண் தெரியல.”

“கல்லைத் திருடுறவனுக்கு வெளிச்சம் எதுக்கு?”

“எந்தக் கல்லு? உன் கல்லை வெச்சு நான் என்ன, கோட்டுக்குப் பட்டனா தைக்கப் போறேன்?”

வியாழக்கிழமை கல்காரர் கடைசி வழியைக் கையில் எடுத்தார். கல்லை மறுபடி கிழக்கே நட்டு, இரும்புச் சங்கிலியால் தன் வீட்டு முன்தூணோடு பிணைத்துப் பூட்டுப் போட்டார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். கல்லைத் தொட்டால் வீடே குலுங்கும், எழுந்து பிடித்துவிடலாம் என்பது கணக்கு. மூன்று நாள் கல் சுமந்த உடம்பு, படுத்ததுதான் தெரியும்.

வீடு குலுங்கத்தான் செய்தது. தொட்டிலில் போட்டு ஆட்டுவது போலச் சுகமாக இருந்ததால் அவர் புரண்டு படுத்துக்கொண்டார்.

காலையில் கல் மேற்கே நின்றது. பூட்டுத் திறக்கப்படவில்லை. சங்கிலியின் மறுமுனையில் முன்தூண் வேரோடு பெயர்ந்து கிடந்தது.

“கல்லைத் திருட வந்தவன் தூணைப் பேத்து வெச்சுட்டுப் போயிருக்கானே!” என்று கல்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

சமையலறையில் மனைவி யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். போய்ப் பார்த்தால், தையல்காரர் தன் வீட்டுச் சன்னல் வழியே கையை நீட்டி இவர்கள் அலமாரியிலிருந்து உப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

“கேட்டுட்டுத்தான் எடுக்கறேன். தங்கச்சிகிட்ட கேட்டேன்” என்றார் தையல்காரர், முகம் வெளுத்து.

வாசலில் ஜீப் நின்றது. சர்வேயரும், டேப் பிடிக்கிற பெரியவரும் இறங்கினார்கள். பெரியவர் முப்பது வருஷமாக டேப்பின் முனையைப் பிடிக்கிறவர். எண்களைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வந்ததில்லை.

“புது உத்தரவு. இந்தத் தடவை அளக்கணும்” என்றார் சர்வேயர்.

பெரியவர் மேற்கே இருந்த ரயில் பாலத்துத் தூணிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு வந்தார். வழியில் ஒரு புல்லில்லாத சதுரத்தில் நின்றார், குனிந்து பார்த்தார், நகர்ந்தார். இன்னொரு சதுரத்தில் நின்றார். இன்னொன்றிலும்.

“இருநூத்திப் பத்து அடியில இருக்கணும். முந்நூத்தி முப்பது காட்டுது. யாருய்யா நகர்த்தினது?” என்றார் சர்வேயர்.

கல்காரர் கைகூப்பினார். “நான்தான் சார். அவளுக்கு மேற்கு ஆஸ்பத்திரி வேணும் சார், இல்லைன்னா பொழைக்க மாட்டா. மூணு தடவை கிழக்கே தள்ளி நட்டேன். ஆனா மூணு தடவையும் எவனோ மேற்கே கொண்டு வந்து வெச்சுட்டான்.”

“திருப்பிக் கொண்டு வந்திருந்தா எண்ணு குறையணுமே. ஏறிக்கிட்டே இல்ல போகுது?”

சர்வேயர் பெரியவரைப் பார்த்தார். உள்ளே மனைவி ஏதோ முணுமுணுக்க, எங்கோ ஒரு கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பெரியவர் டேப்பை நிதானமாகச் சுற்றி முடித்தார்.

“கல்லு நீ நட்ட எடத்துலயேதான் இருக்கு தம்பி; உன் வீடுதான் மேற்கே இருக்க மாட்டேன்னு தினம் எந்திரிச்சு நடக்குது.”