இரக்கப்பட்டே ஆளைத் தீர்ப்பவர்

இரக்கப்படுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் ஓர் இனம் ஈப்போ வட்டாரத்தில் செழிப்பாக வளர்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கோயில் செயலாளர் மகேந்திரன் அதில் அசல் ரகம்.

ரப்பர் தோட்டம் போய் தாமான் குடியிருப்பு வந்த பிறகும் பிழைத்து நிற்கும் அந்தக் கோயிலின் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கூடாரம் போட்டவர் நவமணி அக்கா. அந்த வேலை இல்லையென்றால் அவருடைய லாரி ஓடாது, அடுப்பும் எரியாது. போன வருஷம் ‘அண்ணன்’ வந்தார். அண்ணனின் உண்மையான வருமானம் எதில் என்று ஊருக்கே தெரியும். ஊர் வாயைத் திறக்காது. அந்தப் பணத்தை வெளுக்க அவருக்கு ஒரு கூடாரக் கம்பெனி தேவைப்பட்டது. “சாமி காரியம், கூடாரத்துக்குக் காசு எதுக்கு?” என்றார். அடடா, என்ன பக்தி! அதே வாரம் நவமணியின் லாரி டயர்களை யாரோ கிழித்துப் போட்டார்கள்.

மகேந்திரன் துடித்துப்போனார். நேரே நவமணி வீட்டுக்குப் போய், மைலோவை வாங்கிக் குடித்து, ‘ச்சுச்சு’ கொட்டி, கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

“அநியாயம்லா அக்கா! மனசே ஆறல.”

“அப்ப திருவிழா வேலை எனக்குத்தானே தம்பி?”

“அது வந்து... கமிட்டியில எல்லாரும் ஃப்ரீதான் வேணுங்கறாங்க. நான் ஒருத்தன் என்னக்கா செய்ய முடியும்?”

கமிட்டியில் முதலில் கை தூக்கியது யார்? சாட்சாத் இவரேதான். அண்ணன் தலையில் பரிவட்டம் கட்டியதும் இவர் கைதான். கூட்டத்தில் ஓரமாக நின்ற நவமணியைப் பார்த்ததும் நெஞ்சு உருகி, “பாவம், அக்காவுக்கு ரெண்டு பொட்டலமா பிரசாதம் குடுங்கப்பா” என்றார். தர்மவான்!

இந்த வருஷம் மகேந்திரனின் மகள் தினேஸ்வரிக்குக் கல்யாணம். அண்ணனின் கம்பெனி சொன்ன வாடகையைக் கேட்டு மனுஷருக்கு வியர்த்துவிட்டது. “இது சாமி காரியம் இல்லல்ல?” என்றான் அங்கிருந்தவன். வேறு யாரைத் தேடுவது? சின்னச் சின்னக் கூடாரக்காரர்கள் எல்லாரும் கடையைக் கட்டியிருந்தார்கள். நவமணி வீட்டுக்கு ஓடினார். அக்கா கையுறைத் தொழிற்சாலைச் சீருடையில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, கல்யாணத்துக்குக் கெமா வேணும்க்கா, உங்க கூடாரமே போதும். நீங்க கேக்கற வாடகை தரேன்.”

“எல்லாத்தையும் வித்துட்டேன் தம்பி. அண்ணன் ஆளுங்களே வாங்கிக்கிட்டாங்க. கல்யாணத்துக்கு லீவு கெடச்சா வாரேன்.”

சிரித்துவிட்டீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அது சரி, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவ்வளவு மலிவாகக் கூடாரம் போட்டுத் தந்தாரே ஒருவர், அவருடைய உண்மையான வருமானம் எதில் என்று கேட்டீர்களா?