கூரையில்லாத காரில் மாப்பிள்ளை

மனுஷனுக்குக் கெட்ட நேரம் வருவதாக இருந்தால் அது ஆசை வடிவத்தில்தான் வரும். எனக்கு நான்கு சக்கரத்தோடு, கூரையில்லாமல் வந்தது.

கூலிம் டவுனில் ஃபேக்டரி ஷிப்ட் வேலை பார்க்கும் என்னைக் கட்டிக்கொள்ள மாலதி உடனே சம்மதித்துவிட்டாள். அவள் அப்பாதான் இழுத்தடித்தார். பையன் நல்லவன், ஆனால் படாடோபம் ஜாஸ்தி என்பது அவர் தீர்ப்பு. கடைசியில், முகூர்த்தம் தவறாமல் தாலி ஏற வேண்டும், அது போதும் என்று இறங்கி வந்தார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

அப்புறமாவது சும்மா இருந்தேனா? பக்கத்து ஊர் செர்டாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம், வெள்ளைக்காரத் துரைகள் காலத்துத் திறந்த கார் இருந்தது. நீண்ட மூக்கு, பித்தளை விளக்கு, தோல் சீட்டு. அந்தக் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆட்கள் துரைக்கு ஒதுங்கி நின்று வழிவிட்ட அதே மாதிரிக் காரில் நான் மாப்பிள்ளையாகப் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். (திமிர்தான், வேறென்ன!) பாய் தானே ஓட்டுவதாக ஒப்புக்கொண்டு, ஒன்று மட்டும் சொன்னார்.

"தம்பி, ஓடுற வரைக்கும் இது ராஜா. பெலான் பெலானா, மெதுவா ஊர்ந்தா கொதிச்சிரும்லா."

சரி பாய் என்றேன். காருக்கு முன்னால் ஆடிக்கொண்டு போக உறுமி மேளக் குழுவைப் பேசி வைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

உறுமிக்காரர்கள் என்றைக்கு வேகமாக நடந்திருக்கிறார்கள்? கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் போகும் சாலையில் இரண்டடி வைத்தால் ஒரு சுற்று ஆட்டம். பாதி வழியில் காரின் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. கூட்டம் கைதட்டியது. நான் ஏற்பாடு செய்த புகை மெஷின் என்று நினைத்துவிட்டார்கள், பாவிகள். உறுமி இன்னும் உச்சத்துக்குப் போனது. தண்ணீர், தண்ணீர் என்று நான் கத்த, என் நண்பன் குடிக்க பாட்டிலை நீட்டினான். கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றேவிட்டது.

இறங்கி நடக்கலாம் என்று காலைத் தூக்கினேன். அத்தைமார் விடவில்லை. ஆரத்தி எடுக்காமல் மாப்பிள்ளை கால் தரையில் படக்கூடாதாம். ஆரத்தியை மண்டப வாசலில்தான் எடுக்க வேண்டுமாம். முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மேலே வெயில், முன்னால் ஆவி, கழுத்தில் மாலை. நடுவில் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தேன். மாலதி கிடைக்கமாட்டாள் என்று அழுகையே வந்துவிட்டது.

அப்போது மண்டபத்திலிருந்து மாமனார் வந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நேரே காருக்குப் பின்னால் போய், பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தள்ளுங்கடா," என்றார்.

அவர் தள்ள, பாய் தள்ள, உறுமிக்காரர்கள் தள்ள, நான் மட்டும் மேலே உட்கார்ந்து போனேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். எப்படியோ முகூர்த்தம் தவறுவதற்குள் தாலி ஏறிவிட்டது. மாமனார் தாரை வார்த்துக் கொடுத்தபோது அவர் கையெல்லாம் கிரீஸ்.

போன வருஷம் மாலதியின் தங்கைக்குக் கல்யாணம். மாமனார் சம்பந்தி வீட்டாரிடம் வைத்த ஒரே நிபந்தனை, மாப்பிள்ளை நடந்து வர வேண்டும் என்பதுதான். புது மாப்பிள்ளையும் சமர்த்தாக நடந்தே வந்தார். ஆரத்தி சுற்றும்போது மாமனார் அத்தனை கூட்டத்திலும் என்னைத் தேடிப் பிடித்தார்.

"பாத்துக்கிட்டீங்களா மாப்ள? இவருக்குக் காலு இருக்கு."