கண்டாக்கையா முன்னால் ஒரு பாட்டு

முதல் அடியைப் பாடி முடித்து, அடுத்த அடிக்கு மூச்சு இழுத்தபோதுதான் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்ற ஆளை மூக்கன் பார்த்தான். இழுத்த மூச்சு அங்கேயே நின்றுவிட்டது.

நின்றவர் மரியரட்ணம். மூக்கன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தோட்டத்தின் கண்டாக்கு. மலையில் வேலைக்கு நிற்கிற அத்தனை பேரையும் மேய்ப்பவர். அவர் தோட்டத்துப் பெரிய துரையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் கையில் பத்துச்சீட்டு. பத்துச்சீட்டு வாங்கியவனுக்கு வேலையும் இல்லை, குடியிருக்க லயத்தில் காம்பராவும் இல்லை.

மூக்கன் பாடிக்கொண்டிருந்ததோ அவரைப் பற்றிய பாட்டு.

"அட்ட கடிச்சா ஆகாசம் பாய்வாரு, நம்ம கண்டாக்கு..." என்ற முதல் அடிக்கே கடை சிரித்துக் குலுங்கியிருந்தது.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த அந்தக் கடை பொன்னையாவுடையது. ஞாயிறு பிற்பகல்களில் பாட்டரியில் ஓடும் மைக் ஒன்றைப் பலகை மேடைமேல் நிறுத்தி, பேர் கொடுத்தவர் யாரும் பாடலாம் என்று அவர் ஆரம்பித்து இது நாலாவது வாரம். கண்டாக்குமார் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் மூக்கன் பேர் கொடுத்திருந்தான்.

"ஏன் மூக்கா நின்னுட்ட? பாடு!" என்றார் பொன்னையா.

கூட்டம் முழுக்க மைக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வாசலில் நிற்பவரை இன்னும் யாரும் கவனிக்கவில்லை. பேரை மாற்றினால் தப்பலாம் என்று மூக்கனுக்குத் தோன்றியது.

"அட்ட கடிச்சா ஆகாசம் பாய்வாரு, நம்ம கங்காணி! தொரையக் கண்டா தரையோட சாய்வாரு!"

முன் பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த பெரிய கங்காணி சிவசாமி, வடையை வாயிலிருந்து எடுத்தார்.

"யாருடா கங்காணி?"

"நீங்க இல்லீங்க. ஒங்கள மாதிரி வேற தோட்டத்துக் கங்காணிங்க."

"என்னைய மாதிரின்னா? நான் சாயுறத நீ பாத்தியா?"

சிவசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். கேள்வி கேட்க ஆளில்லாத ஒருவர் வேண்டுமே என்று மூக்கன் அவசரமாக யோசித்தான். மச்சான் ஊரில் இல்லை. கொத்மலைப் பக்கம் போயிருந்தார்.

"அட்ட கடிச்சா ஆகாசம் பாய்வாரு, எம் மச்சானு..."

மச்சான் இல்லை. ஆனால் மச்சானின் தங்கச்சி இருந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து மூக்கனின் பெண்டாட்டி வீரம்மா எழுந்து நேரே மைக் அருகே வந்தாள்.

"எங்கண்ணன் எந்தத் தொரைகிட்டங்க சாஞ்சாரு?"

"சும்மா இரு புள்ள. ஒக்காரு."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? நேத்துப் பூரா காம்பராவுல கண்டாக்கு, கண்டாக்குன்னுதானே பாடுனீங்க? இங்க வந்து எங்கண்ணன் பேரையா இழுக்குறீங்க?"

மைக் அதை ஸ்டேஷன் பிளாட்பாரம்வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

மூக்கனின் கண் தானாக வாசலுக்குப் போனது. மரியரட்ணம் கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். அதைப் பார்த்தார். மூக்கனைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

'பேரு எழுதிட்டாரு,' என்று நினைத்தான் மூக்கன். இரண்டு பெண் பிள்ளைகளையும் அம்மிக்கல்லையும் தூக்கிக்கொண்டு எந்த ரோட்டில் நிற்பது? இனி ஒளிப்பதில் பயனில்லை. காலில் விழ வேண்டியதுதான். கால் தூரத்தில் இருந்ததால் மைக்கிலேயே விழுந்தான்.

"கண்டாக்கையா, கோவிச்சுக்காதீங்க! தொரையக் கண்டா நீங்க சாயுறது மரியாதையிலதான். பயத்துல இல்லைன்னு எங்க எல்லாருக்கும் தெரியுங்க!"

அத்தனை தலையும் வாசல் பக்கம் திரும்பியது. சிவசாமி வடையோடு உட்கார்ந்துவிட்டார். வீரம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். யாரோ ஒருத்தர் சிரிப்பை அடக்கப் போய் இருமினார்.

மரியரட்ணம் நடந்து வந்தார். பெஞ்சுகள் விலகி வழிவிட்டன. மூக்கனுக்கு முன்னால் வந்து நின்றபோது அவர் கையிலிருந்த காகிதம் படபடவென்று ஆடியது. இவ்வளவு கோபத்தில் ஒரு மனிதனை மூக்கன் பார்த்ததேயில்லை.

"ஐயா, புள்ளகுட்டிக்காரனுங்க..."

"எறங்குப்பா," என்றார் அவர். குரல் பாதிதான் வெளியே வந்தது.

மூக்கன் இறங்கினான். தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த பொன்னையாவிடம் ஓடி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்கதான் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். நான் பாடுனதையெல்லாம் கேட்டுட்டாருண்ணே!"

பொன்னையா அவன் வாயைப் பொத்தினார்.

"சத்தம் போடாதய்யா! நீ பாடுனது எதுவும் அவரு காதுல ஏறியிருக்காது. மூணு வாரமாப் பேரு குடுத்துட்டு, வாசலோட நடுங்கித் திரும்பிப் போன மனுசன். இன்னைக்கித்தான் மைக்குகிட்ட வந்திருக்காரு, பெரிய தொரையக் கிண்டல் பண்ணி ஒரு பாட்டு எழுதிக்கிட்டு!"