ஹாரன் அண்ணன் நெற்றியில் ஒரு சிங்கம்

“கண்ணுக்கே தெரியாத பூச்சியைப் படிக்கவா இவ்வளவு தூரம் போற? எங்க வயலுக்கு வா, ஓசியிலயே காட்டுறேன்.”

நான் நுண்ணுயிரியல் படிக்கிறேன் என்றதும் ‘ஹாரன்’ அண்ணன் சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டேன். ஆனால் குடவாசல் மினிபஸ்ஸை ஓட்டும் இவரைப் போல ஹாரன் அடிக்க டெல்டாவிலேயே இன்னொருவர் பிறக்கவில்லை. வாத்துக்கு ஒரு ஹாரன், ரோட்டில் காயும் நெல்லுக்கு ஒரு ஹாரன், பிள்ளையாருக்கு மூன்று. பதில் சொன்னாலும் காதில் விழாது.

ஒருநாள் காலை பஸ் ஏறியபோது அவர் நெற்றியில் காவியால் வரைந்த சிங்கம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அக்கி வந்திருக்கிறது; அதற்கு நாட்டு வைத்தியமாகக் குயவர் வீட்டில் சிங்கம் வரைந்து ‘அக்கி எழுதி’க்கொண்டு வந்திருக்கிறார். சிங்கத்தின் வால் மூக்கு நுனியில் முடிந்தது. அங்கே ஒரு கொப்புளம். ஒரு கண் சிவந்து நீர் வடிந்தது. மூக்கு நுனிக்கு வந்த அக்கி கண்ணுக்குள்ளும் போகலாம் என்று படித்திருந்தேன்.

“அண்ணே, இது சின்ன வயசுல உங்களுக்கு வந்த அம்மைதான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“அவளுக்கு வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணி ஊத்தி, மரியாதையா அனுப்பி வச்சாச்சும்மா!”

“போகலண்ணே. நரம்பு வேருக்குள்ள படுத்துத் தூங்கிட்டிருந்துச்சு. உடம்பு அசந்த நேரம் பார்த்து எந்திரிச்சு, அதே நரம்பு வழியா வெளியே வருது.”

“இத்தனை வருஷமா டிக்கெட் எடுக்காமயா?”

பின்சீட்டிலிருந்து ஒரு பெரியம்மா குரல் கொடுத்தார்: “நீ அடிக்கிற ஹாரனுக்கு அது தூங்குனதே பெருசுப்பா!”

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அவர் முறைத்துக்கொண்டு கியரைப் போட்டார். நான் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டேன். அடித்தார் பாருங்கள் ஒரு ஹாரன்! வயலில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. நான் நகரவில்லை.

“நல்லா அடிங்க! கண்ணு போச்சுன்னா நாளைக்கு எந்த பஸ்ஸை ஓட்டுவீங்க?”

ஹாரன் நின்றது.

கண்டக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். எல்லாப் பயணிகளோடும், ஒரு கூடைக் கோழியோடும், பஸ் திருவாரூர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் எட்டி எட்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். அந்த வேலையை மட்டும் யாரிடமும் ஒப்படைப்பதாக இல்லை.

டாக்டர் சிங்கத்தைத் துடைத்தார், கண்ணைப் பார்த்தார், மருந்து கொடுத்தார். கண் தப்பியது.

“டாக்டர், அதை முழுசா இறக்கிவிட முடியாதுங்களா?” என்றார் அண்ணன்.

“மாத்திரை அதை மறுபடி படுக்க வைக்கும், அவ்வளவுதான். வெளியே அனுப்ப இன்னும் யாருக்கும் வழி தெரியல.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “அப்ப நீ என்னதான் படிக்கிற? போய்க் கண்டுபிடி.”

இரண்டு கண்ணோடும் இப்போதும் ஓட்டுகிறார். நானும் படிப்பை முடித்து, தூங்கும் வைரஸ்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யத் தஞ்சாவூரில் போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டேன். செய்தியை முதலில் அவரிடம்தான் சொன்னேன், வீட்டுக்கே பிறகுதான்.