இறங்கி வழிவிடு

வேலிக்காத்தான் முள்ளை முழங்கையிலிருந்து பிடுங்கப் பிடுங்க, டெனிசனுக்குத் தன் வாயின் மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஒரகடம் பக்கத்து ஸ்பிரிங் தொழிற்சாலையில் அவன் லைன் சூப்பர்வைசர். சுவிட்சர்லாந்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் வால்டர், பனிமலையில் கியர் சைக்கிளோடு நிற்கும் தன் போட்டோவைக் காட்டினார். எல்லாரையும்போல ஆகா என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். "நானும் ஞாயித்துக்கிழமையானா எங்க மலையில சைக்கிள்தான் சார்" என்று அளந்துவிட்டான். சுவிட்சர்லாந்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நேரம் அது.

"நாளை சேர்ந்து ஓட்டுவோம். பிடித்துப்போனால் நீதான் வருகிறாய்" என்று வால்டர் ஒரு கியர் சைக்கிளை அவனிடம் கொடுத்துவிட்டார்.

ஒத்திகை பார்க்கப் போனதில்தான் இந்த முள்.

"சமதரையிலயே ஆடிகினு ஓட்டுவீங்க. உண்மைய சொல்லிடுங்க" என்றாள் மனைவி சகாயமேரி.

"சொன்னா அடுத்த லைன் பிரசன்னா பிளேன் ஏறிடுவான்டி."

உண்மை சொல்ல இதைவிடப் பெரிய தடை வேண்டுமா?

அப்போதுதான் வால்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் ஊர் மலையில் எதிரே ஆளோ மாடோ வந்தால் சைக்கிள்காரன் இறங்கி வழிவிட வேண்டுமாம். வந்துகொண்டே இருந்தால் ஏறவே வேண்டாமே!

மலைப்பாதையில் விறகு சுமக்கும் சந்திரம்மாளைத் தேடி ஓடினான். "நாளைக்கு நாங்க சைக்கிள்ல வர்றப்போ, நீ குறுக்க வந்துகினே இரு. கம்பெனியில உடைஞ்ச பெட்டிப் பலகை எல்லாம் உனக்குத்தான்."

"அதுக்கின்னா சார், வந்துட்டா போச்சு."

காலையில் வால்டர் ஹெல்மெட், கையுறை, முழங்கால் கவசம் என்று யுத்தத்துக்குப் புறப்பட்டவர்போல வந்தார். முதல் திருப்பத்திலேயே சந்திரம்மாள். இருவரும் குதித்து இறங்கினார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்களுக்குச் சுமையை இறக்கிவிட்டு, இளைப்பாறியதும் தூக்கிவிடுவது அந்தப் பாதையின் வழக்கம். இறக்கினார்கள், தூக்கினார்கள். அடுத்த திருப்பத்தில் மேய்ப்புக்காரன் மண்ணாங்கட்டியின் ஆடுகள். அப்புறம் வரிசையாக விறகுக்கட்டுகள். அப்புறம் கன்றும் மாடும். அப்புறம் சுற்றிவந்த சந்திரம்மாள்.

டெனிசன் யோசித்தான். இறங்கினதிலிருந்து ஒரு தடவைகூட சீட்டில் உட்காரவில்லையே, வெள்ளைக்காரன் சந்தேகப்பட மாட்டானா? வால்டர் திரும்பிய நேரம் பார்த்து, போதும் என்று அவளுக்குக் கையை ஆட்டினான்.

"ஏய், இன்னும் ஆளு வேணுமாம், வாங்கடி!" என்று அவள் கத்தினாள்.

பாதை தேர்த் திருவிழாவாகிவிட்டது. நெரிசலில் டெனிசன் தலைக்கு ஒரு விறகுக்கட்டு வந்து சேர்ந்தது, வால்டர் கைக்கு ஓர் ஆட்டுக்குட்டி. சைக்கிள்களை இரண்டு பெண்கள் உருட்டிக்கொண்டு வந்தார்கள். மலைச் சவாரி இப்படியாக உச்சியை அடைந்தது.

எல்லாம் போச்சு என்று டெனிசன் நின்றான். வால்டரோ அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வழிவிடத் தெரிந்தவன்தான் உண்மையான மலைச் சவாரிக்காரன். என்னோடு அங்கே சைக்கிள் ஓட்ட நீதான் சரியான ஆள். புறப்படு!"

குட்டியோடு அவர் முன்னே இறங்கினார். டெனிசனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இப்படியும் ஓர் இளிச்சவாயனா என்று உள்ளூரச் சிரிப்பும் வந்தது.

சந்திரம்மாள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பெட்டிப் பலகைய யாருகிட்ட வாங்கிக்கட்டும் சார், உங்ககிட்டயா, அவருகிட்டயா? குறுக்க வந்துகினே இருன்னு உங்களுக்கு முன்னாடியே கம்பெனி டிரைவர இட்டுகினு வந்து அவரும்தான் கெஞ்சிட்டுப் போனாரு!"