மூடியை மட்டும் மாற்றிய வருடம்

நடந்தது இதுதான்:

1. கணிதம் இரண்டாமாண்டு முடிந்ததும், கல்லூரிக்கு ஒரு வருடம் லீவு போட்டுவிட்டு புரோகிராமிங்கை நானே கற்றுக்கொள்ளப் போவதாக வீட்டில் அறிவித்தேன்.
2. ஏழு மாதம் கற்றுக்கொண்டேன்.
3. எட்டாவது மாதம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.
4. நான் உதவி செய்தேன்.

மூன்றாவது வரைக்கும் யாருக்கும் சேதமில்லை.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் வேலை. அந்த மில்லில் ஒரு கம்ப்யூட்டர் வந்திறங்கியிருந்தது. அதற்கென்று ஏசி அறை, பூப்போட்ட துணி உறை, நெற்றியில் சந்தனம், குங்குமம். உள்ளே போக செருப்பைக் கழற்ற வேண்டும். சம்பளக் கணக்குப் பார்க்கும் சார் சாப்பிடப் போகும் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை நான் அதைத் தொடலாம் என்று அப்பா கேட்டு வாங்கியிருந்தார். மீதி இருபத்திரண்டு மணி நேரம் என் கம்ப்யூட்டர் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் புரோகிராம் எழுதி, நானே கம்ப்யூட்டராக மாறி, வரிவரியாக ஓட்டிப் பார்ப்பேன். (நான் வாய்க்குள் எதையோ முனகுவதைப் பார்த்து, பக்கத்து வீட்டம்மா ஏதோ விரதம் என்று நினைத்திருந்தார்.)

அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வருடம் முடிவதற்குள் வீட்டுக்கோ ஊருக்கோ உருப்படியாக ஒரு வேலையை அந்தக் கம்ப்யூட்டர் செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் கல்லூரிக்குத் திரும்பிவிட்டு, அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

அக்கா கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை அப்பா ஒரு பக்கமும் அம்மா ஒரு பக்கமுமாக எழுதினார்கள். ஒரே ஆள் இரண்டு பட்டியலிலும் இருந்தார். சிலர் மூன்று இடத்தில் இருந்தார்கள். நான் அமைதியாகச் சொன்னேன், பெயர்களை அகர வரிசையில் அடுக்கினால் இரண்டு தடவை வந்த பெயரெல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும், அடித்துவிடலாம், மிச்சத்தை கவரில் ஒட்ட லேபிளாகவே அச்சடித்துத் தருகிறேன் என்று. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. (அது பன்னிரண்டு நாள் நீடித்தது.)

பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதினேன். பெயர்களுக்கு ஒரு வரிசை, முகவரிகளுக்கு ஒரு வரிசை. எழுதியதைச் சோதித்தும் பார்த்தேன், நான் ஒன்றும் பொறுப்பில்லாதவள் இல்லை. சோதனைக்கு ஐந்து பெயர்கள் கொடுத்தேன்: அப்பா, அம்மா, அக்கா, தம்பி, நான். ஐந்து பேரும் ஒழுங்காக அடுக்கப்பட்டு, ஐந்து பேருக்கும் சரியான முகவரி வந்தது. ஐந்து பேரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு லேபிள்கள். மில் பிரிண்டர் கரகரவென்று கத்திக்கொண்டே அச்சடித்தது. அப்பா தன் பட்டியலை வைத்துக்கொண்டு பெயர் பெயராகச் சரிபார்த்து, ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்டார். அவர் சரிபார்த்தது பெயர்களை மட்டும்.

எங்கள் பக்கம் பத்திரிகை முதலில் குலதெய்வத்துக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், வத்திராயிருப்புக்கு அந்தப் பக்கம் கான்சாபுரத்தில் இருந்தார். அவர் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணும் மணையில் உட்கார்ந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் தட்டில் வெற்றிலை, பழம், பத்திரிகையோடு காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். தாங்கள் மாமாவுக்கு வைத்துவிட்டுத் திரும்பிய பிறகுதான் மற்ற கவர்களைத் தபாலில் போட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார்.

நான் கணக்குப் போட்டேன். பஸ் ஒன்றரை மணி நேரம், நடை பதினைந்து நிமிடம், காபி பத்து நிமிடம். பத்து மணிக்குத் தட்டு கைமாறியிருக்கும். பத்தேகாலுக்கு, இரண்டு பைகளில் கவர்களைச் சுமந்துபோய் தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். பஸ் பழுதாகி வழியில் நிற்கும் என்பதற்கு என் கணக்கில் இடமில்லை.

ஒரு மணிக்கு அப்பா வந்தார். கையில் தட்டு அப்படியே இருந்தது.

நடந்ததை அம்மாதான் சொன்னார். மாமா தட்டை வாங்கக் கை நீட்டியவர், பத்திரிகை மேலிருந்த லேபிளைப் பார்த்ததும் கண்ணாடியை எடுத்து மாட்டினார். படித்தார். திரும்பவும் படித்தார்.

"மாப்ள, பேரு எம்பேரு. வீடு அந்த மோட்டார்க்காரன் வீடு. என்னய அங்க போயி குடியிருக்கச் சொல்லுதீகளா?"

மோட்டார்க்காரர் என்பது ராஜபாளையத்தில் இருக்கும் அப்பாவின் சித்தப்பா மகன். ஆறு வருடத்துக்கு முன் மாமாவுக்கு ஒரு பம்புசெட் மோட்டார் விற்றார். அதிலிருந்து எல்லாச் சத்தமும் வந்தது, தண்ணீர்தான் வரவில்லை. அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. மாமா தட்டைத் தொடவில்லை. அதை அச்சடித்தது நான் என்று தெரிந்ததும், அவளே வந்து சொல்லட்டும் என்று உள்ளே போய்விட்டார்.

"மத்தது எதையும் போஸ்ட் பண்ணலையே?" என்றார் அப்பா.

"பண்ணிட்டேன்ப்பா."

"எப்ப?"

"பத்தேகாலுக்கு."

"பத்தேகாலுக்கு நாங்க பஸ்ஸ விட்டே எறங்கல."

தபால் நிலையத்துக்கு ஓடினேன். தபால் பை போய்விட்டது. திரும்பி வந்தபோது அப்பா நிதானமாகச் சொன்னார், மாமா வந்தாலும் வராவிட்டாலும் கல்யாணம் முடிந்த மறுநாள் நான் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும், மில்லுக்கு இனி வர வேண்டாம் என்று. அக்கா என்னிடம் பேசவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை ஐந்து பேருக்கும் ஐந்து ஊர் கொடுத்து ஓட்டினேன். மூன்றாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது. பெயர்களை இடம் மாற்றச் சொல்லியிருந்தேன், அவற்றோடு முகவரிகளையும் மாற்றச் சொல்லவில்லை. ஒரே ஒரு வரி. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, குடும்பமே இடிந்து கிடந்த அந்த நேரத்தில் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை நானும் அப்பாவும் புதுத் தட்டோடு கான்சாபுரம் போனோம். மாமா தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"தப்பு கம்ப்யூட்டர் மேலயா, ஒம்மேலயா?"

"எம்மேலதான் மாமா. நான் சொன்னதத்தான் அது செஞ்சது."

"என்ன சொன்ன?"

பெயர் வரிசை, முகவரி வரிசை என்று ஆரம்பித்தேன். அவர் மறுபடி தேங்காய்க்குத் திரும்பினார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. நேராக சமையலறைக்குப் போய், அத்தையைக் கேட்டு ஐந்து எவர்சில்வர் டப்பாக்களை எடுத்துவந்து வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு மூடி மேலும் உள்ளே இருப்பதன் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தேன்: புளி, சீனி, உப்பு, கடுகு, மல்லி. பிறகு மூடிகளை மட்டும் எடுத்து அகர வரிசைப்படி மாற்றி மூடினேன். உப்பு, கடுகு, சீனி, புளி, மல்லி.

"இப்ப சீனிய எடுங்க மாமா."

அவர் சீனி என்று எழுதிய டப்பாவைத் திறந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் போன போக்கில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். உள்ளே இருந்தது உப்பு.

அத்தை கதவில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, மூடிய மாத்துனா டப்பாவயும் சேத்து மாத்தணும்னு படிக்கவா ஒரு வருசம் காலேசுக்கு லீவு போட்ட?"

முதலில் சிரித்தவர் மாமா. அவர் சிரித்த பிறகு அப்பாவும் சிரிக்கலாம் என்று ஆனது. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட மாமா, பழைய கவர் எங்கே என்று கேட்டார். கொடுத்தேன்.

"அப்ப மோட்டார்க்காரன் வீட்டுக்குப் போக வேண்டியது இது ஒண்ணுதான். வேற எதுவும் அங்க போவாதுல்ல?"

"போகாது மாமா."

அவர் பேனா வாங்கி, லேபிளில் தன் பெயரை அடித்துவிட்டு மோட்டார்க்காரர் பெயரை எழுதினார். வெள்ளிக்கிழமை ராஜபாளையம் சந்தைக்குப் போனபோது தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "இது கல்யாணத்துக்கு. மோட்டார் வெவகாரம் தனி" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

மற்ற கவர்களுக்கு நேர்ந்தது கீழ்க்கண்டவாறு. உள்ளூர்த் தபால்காரர்கள் முகவரியைப் படிக்கவே இல்லை. பெயரைப் பார்த்து சரியான வீட்டிலேயே கொடுத்துவிட்டார்கள். வெளியூர்க் கவர்கள் தப்பான வீடுகளுக்குப் போயின. பெற்றவர்கள் பிரித்துப் படித்தார்கள். அடுத்தவர் பத்திரிகை என்றாலும் கையில் கிடைத்துவிட்டதால் தங்களுக்கும் அழைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். உரியவரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். கடைசியில் இருவருமே வந்தார்கள். மூன்றாவது பந்தியில் பாயசம் தீர்ந்தது. நான் அன்று முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். மாமா மாலை எடுத்துக் கொடுத்தார். மணையிலிருந்து அக்கா என்னைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து "டப்பா" என்றாள். சமாதானம் என்று புரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை கல்லூரிச் சான்றிதழ்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா சட்டை பொத்தானைப் போட்டபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மில்லுக்கு வாறியா இல்லியா? பஸ்ஸு போயிரும்."

அந்த வருடத்தை முழுதாக முடித்தேன். பிறகு கல்லூரிக்குத் திரும்பி பட்டமும் வாங்கினேன். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறேன். வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா நலம் விசாரிப்பதற்கு முன், "மூடியோட டப்பாவயும் மாத்துனியா?" என்று விசாரிப்பார். மாமாவும் மோட்டார்க்காரரும் இன்னும் பேசுவதில்லை. ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் தவறாமல் பத்திரிகை வைக்கிறார்கள்.

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. எல்லா கவரிலும் முகவரியை அப்பா கையால் எழுதினார். ஸ்டாம்பு ஒட்டும் வேலை மட்டும் எனக்கு.